தகட்டை விட்டு இறங்காத நீலன்

முதலில் நீலன் பிளாட்டினத் தகட்டில் ஏறி உட்கார்ந்தான். அடுத்து, தன் சொந்தக்காரர்களை அழைத்து நெருக்கமாக உட்கார வைத்தான். மூன்றாவதாக, வரிசையில் வந்த எங்களை இடமில்லை என்று திருப்பி அனுப்பினான். இந்தக் கரைசலில் வாழும் துகள்களுக்குப் பிழைப்பு ஒன்றுதான்: தகட்டைத் தொட்டு, எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட வேண்டும்.

கண்டனக் கூட்டம் போட்டோம். தீர்மானத்தின் கடைசியில் குற்றவாளியின் பெயரை உரக்க வாசிப்பது எங்கள் வழக்கம். அதன்பிறகு அவரோடு யாரும் பேச மாட்டார்கள்.

வாசிக்க வேண்டிய பொன்னி, முதலில் நீலனிடம் போனாள்.

"யோவ், கொடுத்து முடிச்சாச்சுல்ல? இறங்குய்யா!"

"இறங்க முடியலையே, தாயி."

"இடம் அவ்வளவு சொகமா இருக்கோ?"

"கிட்ட வந்துதான் பாரேன்."

என்னதான் இருக்கிறது என்று பொன்னி ஓரமாகச் சாய்ந்து பார்த்தாள். அவள் விலா தகட்டோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வா, கண்ணு," என்றது தகடு, மெதுவாக.

நாங்கள் பிடித்து இழுத்துத்தான் அவளை மீட்டோம். கூட்டம் நீலனின் பெயருக்காகக் காத்திருந்தது. பொன்னி தீர்மானத்தை முழுதாக வாசித்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் சாட்சியாக வைத்து, பெயரை உரக்க வாசித்தாள்:

"பிளாட்டினத் தகடு."