ரெட்டைச் சடை

அப்பா போதை மாத்திரையை விட்டு நாற்பத்தொரு நாள். சிகிச்சை மையம் கொடுத்த செயலி தினமும் மகிழினியிடம் கேட்கும்: 'அப்பா சொன்னபடி செய்தாரா?' இன்று காலை அவள் 'இல்லை'யை அழுத்தினாள். உடனே ஆலோசகர் பெர்னதெத் பதறிப்போய் அழைத்தார்.

"என்னம்மா, அப்பா மறுபடியும் மாத்திரை போட்டுட்டாரா?"

"இல்ல மிஸ். ரெட்டைச் சடை போடுறேன்னு சொல்லிட்டு ஒத்தைச் சடை போட்டுட்டாரு. ஸ்கூல்ல திட்டுவாங்க."

மறுமுனையில் சிரிப்பு அடங்கவில்லை.

"வச்சிடாதீங்க மிஸ், அவுத்துட்டாரு. திரும்பப் பின்றாரு."

போன மாதம் தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் நடுங்கிய விரல்கள், சீப்பு முனையால் உச்சியிலிருந்து பிடரிவரை வகிடு எடுத்தன. மகிழினி பின்னால் கையை விட்டு வகிட்டை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"மிஸ்," என்றாள் ரகசியமாக, "கோணவே இல்ல."