புதுநன்மைச் சட்டை

“யாரு புருசன், யாரு பொஞ்சாதி?”

பதுளை பஸாரில் நின்ற பையன்களோடு சேர்ந்து கபிரியேலும் கத்தினான். கத்தியதோடு நிற்காமல், கையிலிருந்த தோடம்பழத் தோலை எதிரே இருந்த தையல்கடைக்குள் வீசினான். மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

மரியகொரட்டி அதிர்ந்து போனாள். அவள் குடையை மடக்குவதற்குள் மகன் இப்படிச் செய்துவிட்டான்.

“இங்க வாடா!” காதைப் பிடித்து இழுத்தாள். மற்றப் பையன்கள் ஓடிவிட்டார்கள்.

“எல்லாரும்தாம்மா கத்துனாங்க. அந்தக் கடையில ரெண்டு ஆம்பளைங்க புருசன் பொஞ்சாதி மாதிரி இருக்காங்களாம்.”

“இருந்தா?”

அவன் காதை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான்.

“ஒரே சட்டியில ஆக்கித் திங்கிறாங்க. காச்சல்னா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறாங்க. ஒன்னய என்னடா செஞ்சாங்க?”

“ஒன்னும் செய்யல.”

“பின்ன எதுக்கு எறிஞ்ச?”

அடுத்த ஞாயிறு கபிரியேலுக்குப் புதுநன்மை; கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கு முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல உபதேசியார் பழக்கியிருந்தார். அது இப்போது கைகொடுத்தது.

“சனிக்கெழம பாவசங்கீர்த்தனத்துல இதையும் சேத்துச் சொல்லிர்றேம்மா.”

“தோலு சாமியார் மேலயா பட்டுச்சு? பட்டவங்ககிட்ட சொல்லு. நட.”

“அந்தக் கடைக்குள்ளயா? வேணாம்மா! சட்ட தைக்கத்தான் வந்தோம்னா லுணுகலையிலயே கடை இருக்கே. எதுக்கு பஸ் ஏறி இம்புட்டுத் தூரம்?”

அவள் அவனைக் கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இதற்கு முன்னும் இந்த வாசல்வரை தனியாக வந்து, திரும்பிப் போயிருக்கிறாள். நெஞ்சில் கிடந்த கசப்பு முழுதும் கரைந்துவிட்டதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. ஆனால் அது தன்னோடு போகட்டும். பிள்ளையின் கையில் கல்லாகிவிடக் கூடாது.

கடைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். துணி வெட்டிக்கொண்டிருந்த ஜௌபர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“வாங்க மகன், பயப்படாம உள்ளுக்கு வாங்க.”

மெஷினில் இருந்த மெலிந்த மனிதர் எழுந்து நின்றார். தோடம்பழத் தோல் அவர் காலடியில்தான் கிடந்தது.

கபிரியேல் அதைக் குனிந்து எடுத்தான். “நான்தான் எறிஞ்சேன். மன்னிச்சிருங்க மாமா.”

“அம்புட்டுத்தானா?” என்றாள் மரியகொரட்டி.

“இனிமே எவனாச்சும் கத்துனா, வாய மூடுடான்னு சொல்லுவேன்.”

“அடிச்சா?”

“அடிச்சாலும் சொல்லுவேன்.”

ஜௌபர் சிரித்துவிட்டார். மெலிந்தவர் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“புதுநன்மைக்கு வெள்ளச் சட்டையும் களிசானும் தைக்கணும்,” என்று துணியை நீட்டினாள் மரியகொரட்டி.

மெலிந்தவர் அளவு நாடாவை எடுத்து வந்தார். கபிரியேலின் தோளை அளந்தார். அளந்த தோளையே மறுபடியும் அளந்தார்.

கபிரியேலுக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவின் பக்கம் சாய்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “அப்பா மட்டும் தலைமன்னார் போயி இந்தியாக் கப்பல் ஏறாம இங்க இருந்திருந்தா, இந்த மாதிரிக் கடைக்குள்ள என்னய விட்டிருக்கவே மாட்டாரும்மா.”

நாடா நழுவித் தரையில் விழுந்தது.

“ஒங்கப்பா கப்பல் ஏறல,” என்றாள் மரியகொரட்டி.

“கொரட்டி... வேணாம்,” என்றார் மெலிந்தவர்.

கபிரியேல் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான். இந்தக் கடைக்குள் அம்மா தன் பெயரை யாரிடமும் சொல்லவில்லையே!

அவள் குனிந்து நாடாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“கைய நீட்டி நேரா நில்லு கபிரியேல். அப்பா அளவெடுக்கட்டும்.”