புது வண்டிக்குப் பழைய எஞ்சின்

"புது வண்டியில போய் யாராவது பழைய எஞ்சினை மாட்டுவாங்களா தம்பி?"

டிரைவரின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

புது பிக்கப் வண்டியின் பானெட் திறந்து கிடந்தது. அதன் எஞ்சின் சங்கிலியில் தொங்கியது. சிமெண்ட் கடை குடோனுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பழைய வண்டியின் எஞ்சின், கழுவித் துடைத்து தரையில் தயாராக இருந்தது.

"உங்க முதலாளி உத்தரவுண்ணே. இது அதுல உட்காராது, பிராக்கெட் எல்லாம் வெட்டி ஒட்டணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கவே இல்லை," என்றான் மெக்கானிக்.

முதலாளியின் கணக்கு டிரைவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல எஞ்சினைத் தனியாக விற்றுவிட்டு, மிச்சத்தை எவன் தலையிலாவது கட்டப் போகிறார். வண்டியே போன பிறகு டிரைவர் எதற்கு?

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன காதால் வந்தது. கொஞ்ச நாளாகவே மந்தம். மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

"வெளியில மூச்சு விடாதீங்க. இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்?" என்று அவள் சொல்லியிருந்தாள்.

பழைய வண்டி இருந்தவரை சமாளித்தார். புதுசு வந்ததும் வசமாக மாட்டிக்கொண்டார். அதன் எஞ்சின் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்றே அவருக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி சாவியைத் திருகுவார். கறகறவென்ற சத்தத்தில் கடையே திரும்பிப் பார்க்கும், அவரைத் தவிர. ஸ்டார்ட்டர் பல் தேய்ந்தே போனது. சாவியில் கோளாறு என்று பூசி மெழுகினார்.

முதலாளி விடுவாரா? நேர் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்துக் கத்துவார்.

"யோவ்! சிமெண்ட் மூட்டை ஏத்தியாச்சா?"

கடைக்கு வந்தவர்கள் டிரைவரைப் பாவமாகப் பார்ப்பார்கள். போன மாதம் திடீரென்று வண்டியின் இரண்டு பக்கமும், பின்னால் வருவது தெரியும்படி, பெரிய கண்ணாடியாக மாட்டினார் முதலாளி. தன் ஓட்டுதல் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது என்று டிரைவர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்தது. ஏறிப் பார்க்கும்படி மெக்கானிக் சைகை காட்டினான்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். ஸ்டீயரிங் உள்ளங்கையில் நடுங்கியது. பாதத்தில் பிடித்த பழைய வண்டியின் அதிர்வு முழங்கால் வரை ஏறியது.

ஓடுகிறது! கை தானாகச் சாவியை விட்டது.

நிமிர்ந்தால், ஜன்னலுக்கு நேராக முதலாளி.

"என்னய்யா, ஓடறது தெரியுதா?"

அதே கத்தல்.

"தெ... தெரியுதுங்க."

"அப்ப சரி. காலையில லோடு இருக்கு, நேரத்தோட வா!"

போய்விட்டார்.

வேலை போகவில்லை. ஆனால் டிரைவருக்கு ஒன்று உறுத்தியது. நல்லா ஓடுதா என்றுதானே எல்லாரும் கேட்பார்கள்? இவர் ஏன் தெரியுதா என்று கேட்கிறார்?

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"தம்பி, என்னைப் பத்தி முதலாளி ஏதாவது சொன்னாரா? எப்பப் பாத்தாலும் இந்தக் கத்து கத்தறாரே, எம்மேல அவ்வளவு கடுப்பா?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் எதிரே வந்து நின்றான். குரலை உயர்த்திச் சொன்னான்.

"அவர் என்கிட்ட பேசினா, 'என்ன சொன்னீங்க'ன்னு நான் ரெண்டு வாட்டி கேக்கணும். அவ்வளவு மெதுவாப் பேசுற மனுஷன். கத்துறது உங்க ஒருத்தர்கிட்ட மட்டும்தாண்ணே!"