கோபுரம் சொன்ன ப்ராசசர்

ஓடுபாதைக்கு ஒரு மாடி உயரத்தில் விமானம் அந்தரத்தில் அப்படியே நின்றது. இன்ஜின் சத்தமும் அடங்கிவிட்டது. விமானி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டார்.

"என்னங்க, விழுந்துட்டீங்களா?" என்று அடுத்த அறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"இன்னும் இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை, திரைக்கு உயிர் வந்தது. விமானம் மூக்கால் தரையைக் குத்தித் தீப்பிடித்தது.

அவர் பல் டாக்டர். விமானம் ஓட்டுவதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். கிளினிக்கில் கடைவாய்ப்பல்லின் வேர்வரை பதமாகப் போய்வரும் அந்தக் கை, வீட்டுக்கு வந்தால் உலகத்து விமான நிலையங்களை ஒன்றுவிடாமல் இடித்துத் தள்ளியது. பழியைக் கைமேல் போட்டுக்கொள்ள அவர் என்ன முட்டாளா? கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர்மேல் போட்டார். அது பழசு. பெரிய விமான நிலையம் நெருங்கினாலே திணறிப்போய்ப் படத்தை உறைய வைத்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய இணையக் கிளப்பில் எல்லோரும் வரிசையாக ஒரே ஓடுபாதையில் இறங்க வேண்டும். இறங்க அனுமதி தருபவருக்குக் கிளப்பில் 'கோபுரம்' என்று பெயர். முகம் தெரியாது, குரல் தெரியாது, பேச்சு முழுக்கத் தட்டச்சில்தான். கண்டிப்பைப் பார்த்து, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியாக இருப்பார் என்று டாக்டரே முடிவு கட்டியிருந்தார்.

"போன தடவை நீங்க ஓடுபாதையில உறைஞ்சு நின்னதால பின்னால வந்த எல்லாரும் திரும்பிப் போனாங்க. இன்னொரு தரம் நடந்தா கிளப்புல இருந்து எடுத்துடுவேன்" என்று கோபுரம் எழுதியதைப் படித்த அன்று டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே கிடக்கிறவருக்கு, நிமிர்ந்து வானத்தைப் பார்க்க இருந்தது அது ஒன்றுதான்.

கடையில் பார்த்த புத்தம்புது ப்ராசசர் ஒன்றில் மனசு ஒட்டிக்கொண்டது. "அதை வாங்கலாமா சார்?" என்று கோபுரத்திடமே கேட்டார்.

"அது உங்க மதர்போர்டுல உக்காராது. அதை வாங்கினா போர்டு, ரேம்னு எல்லாத்தையும் மாத்தணும். இருக்கிற போர்டுக்கே பொருந்துற மாதிரி, முந்தின தலைமுறையில கேச், அதான் உள்ளேயே இருக்கிற நினைவகம், அதிகமா உள்ளது ஒண்ணு வாங்குங்க. உங்க விமானத்துக்கு அது தாராளம், செலவும் கையைக் கடிக்காது. வீட்டுல கேட்டீங்களா?"

"அவகிட்டயா? ரயில்வே கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து ரயிலை நிறுத்தி நிறுத்தி அனுப்பிட்டு ரிட்டயர் ஆனவ சார். விமானத்தப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

"அப்படியா" என்று மட்டும் பதில் வந்தது.

அன்று மாலை கோபுரம் அவரை இறங்கவே விடவில்லை. எரிபொருள் தீரும்வரை வானத்தில் வட்டமடிக்க வைத்தார். காரணம் கேட்டதற்கு, "பாதை காலி இல்லை" என்றார்.

இத்தனைக்கும் "எல்லாத்தையும் மாத்தாம, இருக்கிறதை வெச்சே சமாளிக்கப் பாருங்களேன்" என்று மனைவி முன்பே சொல்லியிருந்தாள். அப்போது டாக்டருக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. அதையே கோபுரம் சொன்னதும், அனுபவசாலி என்றால் இவரல்லவா என்று திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

ப்ராசசரைக் கிளினிக் முகவரிக்கு வரவழைத்து, பைக்குள் ஒளித்து எடுத்துவந்தார். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னங்க அந்தப் பெட்டி?"

"பல்செட். ஒரு பேஷண்டோடது."

"வீட்டுக்கு எதுக்கு?"

"கொஞ்சம் ராவணும்."

"பாத்து ராவுங்க. பொருந்தணும்ல" என்றவள், மகள் விட்டுப்போன லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். சீரியல்தான், வேறென்ன.

பொருத்துகிற பதற்றத்தில் ப்ராசசரின் அடியில் இருந்த முள் ஒன்று வளைந்துவிட்டது. டாக்டருக்குப் பாதி உயிர் போய்விட்டது. பல் சுரண்டும் கருவியை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அதை நிமிர்த்தினார். தான் படித்த படிப்பு ஒருவழியாக உருப்படியான காரியத்துக்கு உதவியது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜன்னலுக்கு வெளியே வானம் இருட்டிக்கொண்டு நின்றது, திரையில் பளிச்சென்று வெயில். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். "டாக்டர், இறங்கலாம்" என்று கோபுரம் எழுதியதும் அவர் விமானத்தைத் தாழ்த்தினார்.

ஓடுபாதை நெருங்கியது. படம் உறையவில்லை. சக்கரம் தரையைத் தொட்டது தெரியாமல் தொட்டு, விமானம் சமத்தாக ஓடி ஓரமாக நின்றது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோபுரம் சார், உங்களை மாதிரி ஒருத்தர் சொல்லிக் கேக்கக் குடுத்து வெச்சிருக்கணும். எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்காளே!" என்று உணர்ச்சிவசப்பட்டு அனுப்பினார்.

பதில் உடனே வந்தது.

"பல்செட் நல்லாவே பொருந்தியிருக்குங்க. மழை வருது, மாடியில துணி காயுது, போய் எடுங்க."