கணவர் கையொப்பம்

ஆஸ்பத்திரி பெஞ்சில் அம்சவேணி மூன்றாவது முறையாக அதே படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருக்கலைப்புக்கான படிவம். அடியில் ‘கணவர் கையொப்பம்’ என்று அச்சிட்டிருந்த இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

“அவரு போடமாட்டாருக்கா. இருக்கிற ரெண்டு பிள்ளைக்கே நான் ஒருத்திதான் ஓடுறேன். இந்த வாரம் தாண்டிட்டா முடியாதுன்னுட்டாங்க” என்றாள், பக்கத்தில் முறைக்குக் காத்திருந்த தர்மினியிடம்.

தர்மினி இதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து விமானம் ஏறி வந்தவள்.

“எங்கட நாட்டில தாயின்ர உயிருக்கு ஆபத்து எண்டாத்தான் விடுவினம்” என்றவள், கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். “இது உங்கட சட்டம். இங்க வர வெளிக்கிட முதல் நாலஞ்சு தரம் வாசிச்சனான். பதினெட்டு வயசு தாண்டினா உங்கட கையெழுத்து மட்டும் காணும், வேற ஒருத்தரும் போடத் தேவையில்லை.”

அவள் விரல் வைத்துக் காட்டிய வரியை அம்சவேணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு எழுந்துபோய், தாளையும் படிவத்தையும் நர்ஸின் மேசையில் வைத்தாள்.

நர்ஸ் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“இத்தனை வருசமா யாரும் கேக்கலையேம்மா” என்றார். ஸ்கேலை வைத்து, கணவர் கையொப்பம் என்ற வரியைப் பேனாவால் அடித்தார்.

அம்சவேணி தன் பெயரை நிதானமாக எழுதிவிட்டு நிமிர்ந்தாள். நர்ஸ் நிரப்பாத படிவக் கட்டைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த தாளில் ஸ்கேலை வைத்துக்கொண்டிருந்தார்.