பூ சொன்ன கணக்கு

முருகன் காலடியில் இரண்டு பொட்டலங்கள் கிடந்தன. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் சிவப்பு அரளி என்று ஏற்பாடு.

வெள்ளை வந்தால் சுப்புலட்சுமிக்கு டியூஷன். சிவப்பு வந்தால் கல்லூரிக்கே முழுக்கு, வைகாசியில் குன்னத்தூர் மாமன் மகனோடு கல்யாணம்.

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன ஸ்டாடிஸ்டிக்ஸால் வந்த வினை. பி.ஏ. பொருளாதாரத்தில் மற்ற பேப்பரையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டாள். இது மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது.

வீட்டுக்கே வந்து சொல்லித்தருகிறேன் என்று கல்லூரி வாத்தியார் ரத்தினசாமி தானாக முன்வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கல்யாணமாகாதவர். போதாததற்கு டெரிலின் சட்டை வேறு.

அப்பா பொங்கியண்ணனுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. பனியன் கம்பெனிக்கு நூல் வாங்குவதற்கே பூ கேட்கிறவர் அவர். மகள் விஷயத்தில் சும்மா விடுவாரா? சாமி சொல்லட்டும் என்று வாத்தியாரையும் கையோடு கோயிலுக்கு அழைத்து வந்துவிட்டார்.

பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை.

பொங்கியண்ணனுக்கு மனசு ஆறவில்லை. இன்னொரு தரம் கேட்டுவிடலாம் என்றார்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அது சாமி தள்ளிவைத்தது. பிரித்ததை மட்டும் மறுபடி மடித்து, இரண்டையும் குலுக்கிப் போட வேண்டும். மடிப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. காலையில் பனியன் சுற்றும் தாளில் மடித்ததும் சுப்புலட்சுமிதான்.

மறுபடியும் வெள்ளை. மூன்றாம் தரமும் வெள்ளை.

பூசாரிக்கே மெய்சிலிர்த்துவிட்டது.

"ஏனுங்க வாத்தியாரே, மூணு தரமும் வெள்ளையே வர்றது எத்தனைக்கு ஒண்ணுங்க?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

ரத்தினசாமிக்குத் தலைகால் புரியவில்லை. அட, இதுதானே பாடமே! ஒரு தரத்துக்குப் பாதி வாய்ப்பு, அதில் பாதி, அதிலும் பாதி என்று சந்நிதியிலேயே விரல் மடக்கி வகுப்பெடுத்துவிட்டார். அத்தோடு விட்டாரா, விடையை நீ சொல்லம்மா என்று சுப்புலட்சுமி பக்கம் திரும்பினார்.

அவளுக்குத் திக்கென்றது. ஒரு வருஷமாக மண்டையில் ஏறாத பாடம் அந்த நிமிஷம் பளிச்சென்று புரிந்துவிட்டது. வாத்தியார் போட்ட கணக்கு தப்பு என்பதும் கூடவே புரிந்தது.

ஆனால் அதைச் சொன்னால் குன்னத்தூர்தான்.

"எட்டுக்கு ஒண்ணுங்க சார்."

வாத்தியார் பூரித்துப்போனார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாளைக்கே பாடத்தை ஆரம்பித்துவிடச் சொன்னார்.

சுப்புலட்சுமி முருகனைக் கும்பிட்டாள். சரியான விடை நூற்றுக்கு நூறு என்பது அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

சிவப்பு அரளி காலையிலிருந்து அவள் தாவணி முடிச்சில்தான் இருந்தது.