கைப்பக்குவம்

ஒசாகாவில் ஏழு தலைமுறையாக நடக்கும் இனிப்புக் கடை அது. முதலாளி தொயோசாகு அடுப்பில் சிவப்புப் பயறு விழுதைக் கிண்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மருமகளுக்கு என்ன குழந்தையாம்?" என்றார் பக்கத்துத் தேயிலைக் கடை கோண்டா.

"பொண்ணு."

கோண்டா அவர் தோளைத் தட்டினார். "விடுங்கண்ணே. அடுத்தது கடைக்கு வாரிசா பேரன் பொறப்பான்."

"வாயைக் கழுவுப்பா! பேரன் எதுக்கு? எம்பையன் ரியோஜியைத்தான் பாக்கறியே, தினமும் விழுதை அடிப்பிடிக்க விடறான். பெத்தாச்சு, மாத்தவா முடியும்? பேத்தின்னா, ஊரெல்லாம் தேடி நல்ல கைப்பக்குவம் உள்ள மாப்பிள்ளையாப் பிடிக்கலாம். நம்ம குடும்பப் பேரையே அவனுக்கு வச்சு, கடையைக் கையில கொடுத்துடலாம். இது ஆனந்தக் கண்ணீர்ப்பா!"

மனைவி மிசாவோ உள்ளேயிருந்து வந்தாள். "எங்கப்பாவும் இதையே சொல்லித்தான் ஊரெல்லாம் தேடி இவரைப் பிடிச்சிட்டு வந்தாரு."

தொயோசாகு பெருமையாக நிமிர்ந்தார்.

"நிமிர்ந்தது போதும். அடுப்பைப் பாருங்க, விழுது தீயுது!"